கண்மணியின் பெயரில் எத்தனை எழுத்து?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடத்துக் கணினி அறையில், கண்மணியின் பெயர் உடைந்துபோனது.

கண்மணி மூன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டுத் தென்றலோடுதான் வீட்டுக்குப் போவாள். அன்று தென்றலுக்கு வேலை இருந்தது. அதனால் அவளும் கணினி அறைக்கு வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பள்ளியில் கண்காட்சி. ராபர்ட்சன்பேட்டையிலிருந்தும் மாரிகுப்பத்திலிருந்தும் பெற்றோர் எல்லாரும் வருவார்கள். அதற்காக மூன்று பேர் சேர்ந்து கணினியில் ஒரு விளையாட்டு செய்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு வாணி நிரல் எழுதினாள். ஆறாம் வகுப்புத் தென்றல் படங்கள் வரைந்தாள். அவளோடு படிக்கும் பிரதாப் இசை போட்டான்.

விளையாட்டு ரொம்பச் சுலபம். ஒருவர் ஒரு பெயரைத் தட்டவேண்டும். கணினி அதன் எழுத்துகளைக் கலைத்துப் போடும். அடுத்தவர் அது என்ன பெயர் என்று கண்டுபிடிக்கவேண்டும்.

"முதல்ல நீ ஆடு கண்மணி. உன் பேரைத் தமிழ்லயே அடி" என்றாள் தென்றல்.

கண்மணி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். திரையில் எழுத்துகள் சுழன்று நின்றன. ஒரு மூலையில் வெறும் புள்ளி, ஒரு சின்ன வட்டத்தின்மேல் ஏறி நின்றது. 'ணி'யின் மேல் இருக்கவேண்டிய சுழி தனியாக வேறு வட்டத்தில் தொங்கியது.

கண்மணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரு கெட்டுப்போச்சாக்கா?"

"சேச்சே! அது விளையாட்டுல ஏதோ கோளாறு" என்றாள் தென்றல்.

வாணியின் முகம் சிவந்தது. "இங்கிலீஷ்ல நல்லாத்தான் வந்துச்சு!"

கணினி ஆசிரியர் மனோகர் சார் எட்டிப் பார்த்தார். "சரி, இங்கிலீஷ் மட்டும் வெச்சுக்கலாம்மா. இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு. நான் பங்காருபேட்டை ட்ரெயினைப் பிடிக்கணும், அறையைப் பூட்டிடுவேன்."

"எங்க அம்மாவுக்குத் தமிழ்தான் படிக்க வரும் சார்" என்றாள் கண்மணி மெல்ல.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம். பாருங்க" என்றார்.

வாணி நிரலில் ஒரு வரியை மாற்றினாள். விளையாட்டை மறுபடி ஓட்டினாள். அது பழைய கணினி. முதலில் பள்ளியின் பெயர் வந்தது. பிறகு தென்றல் வரைந்த, ஊர்த் தங்கச் சுரங்கத்துச் சக்கரம் மெதுவாகச் சுற்றியது. அது சுற்றி முடியும் வரை பிரதாப்பின் இசை டொய்ங் டொய்ங் என்று கேட்டது. அதன்பிறகுதான் பெயர் தட்டும் இடமே வந்தது. முழுசாக நான்கு நிமிடம்.

மறுபடி புள்ளியும் சுழியும் பிய்ந்து கிடந்தன.

இன்னொரு வரியை மாற்றினாள். மறுபடி பள்ளி பெயர், சக்கரம், டொய்ங் டொய்ங். மறுபடி அதே வட்டங்கள்.

ஐந்தாவது தடவை பிரதாப்பே காதைப் பொத்திக்கொண்டான். "யாருப்பா இந்த மியூசிக்கைப் போட்டது?"

யாரும் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் போயிருந்தது. வாணியின் கண்ணில் நீர் கட்டியது. "ரெண்டு மாசமா எழுதினேன். எங்க தப்புன்னே தெரியல."

தென்றலுக்கு வாணியக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவள் மனசில் வேறொன்று உறுத்தியது. கோளாறு ஒரு பெயரில். அதைப் பார்க்க எதற்குச் சக்கரம் சுற்றவேண்டும்? எதற்கு இசை வேண்டும்?

"வாணிக்கா, புதுப் பேனா வாங்கினா இன்னா பண்ணுவ?"

"இப்ப எதுக்கு பேனா?"

"நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒரு கிறுக்கு கிறுக்கிப் பாப்போம் இல்ல? எழுதுதான்னு பாக்க யாராச்சும் முழுக் கட்டுரை எழுதுவாங்களா?"

வாணி மூக்கை உறிஞ்சினாள். "அதுக்கு?"

"கம்ப்யூட்டர் கிளாஸ் முதல் வாரம் சார் ஒரு சின்ன ஜன்னல் காட்டினாரே. மூணு அம்புக்குறி இருக்குமே. ரெண்டும் மூணும் கூட்டச் சொன்னா உடனே அஞ்சுன்னு சொல்லுச்சே. அதுல கண்மணி பேரை மட்டும் குடுத்துப் பாக்கலாமா?"

"முழு நிரல்லயே வரல. ஒரு வரியில சரியாயிடுமா?"

"சரி பண்ண வேணாம்க்கா. எங்க உடையுதுன்னு மட்டும் பாப்போம்."

வாணி நகர்ந்து இடம் கொடுத்தாள். தென்றல் அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்தாள். படமில்லை, இசையில்லை. வெறும் மூன்று அம்புக்குறி. 'கண்மணி என்ற பெயரில் எத்தனை எழுத்து?' என்று கேட்கும் ஒரே ஒரு வரியை எழுதித் தட்டினாள்.

விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

6

"ஆறா?" கண்மணி ஸ்டூலை விட்டு இறங்கி வந்து விரல் விட்டு எண்ணினாள். "க, ண், ம, ணி. நாலுதானே!"

"கம்ப்யூட்டரை ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வைக்கணும்" என்றான் பிரதாப்.

"அந்த ஆறு இன்னாதுன்னு அதையே கேப்போம்" என்றாள் தென்றல். இன்னொரு வரி. உடனே ஆறும் வரிசையாக வந்து நின்றன. க, ண, ஒரு புள்ளி, ம, ண, ஒரு சுழி.

வாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அட! புள்ளியையும் சுழியையும் அது தனி எழுத்தா எண்ணுது!"

"ஆமாக்கா. நீ கலைக்கச் சொன்னதை அது ஒழுங்காத்தான் கலைச்சிருக்கு. உன் மேல தப்பே இல்ல. அதுக்குத் தமிழ் எண்ணத் தெரியல, அவ்ளோதான்."

வாணியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப கலைக்கறதுக்கு முன்னாடி, புள்ளியோ காலோ கொம்போ வந்தா, முன்னாடி இருக்கிற எழுத்தோட ஒட்டிடுன்னு சொல்லணும். தள்ளு, நான் எழுதறேன்."

அவள் நான்கே வரி எழுதினாள். தட்டினாள்.

க, ண், ம, ணி.

"நாலு!" என்று குதித்தாள் கண்மணி.

உடனே பெரிய நிரலில் சேர்க்கப் போனாள் வாணி. தென்றல் அவள் கையைப் பிடித்தாள். "இரு வாணிக்கா. இன்னும் ரெண்டு மூணு பேரு குடுத்துப் பாப்போம். இங்க அரை நிமிஷந்தானே."

தென்றல் என்று தட்டினார்கள். சரியாக வந்தது. மாயா, பாரி என்ற பெயர்களும் சரியாக வந்தன. பிரதாப் குறும்பாக, "சார் பேரைக் குடு" என்றான்.

ம, ன... அதற்கடுத்து, கொம்பும் காலும் ஒரு வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே நின்றன.

"ஐயய்யோ, சார் உடைஞ்சுட்டாரு!"

"யாரு உடைஞ்சது?" என்று கேட்டபடி பையை மாட்டிக்கொண்டு வந்தார் மனோகர் சார்.

வாணிக்குச் சிரிப்பும் குழப்பமும் சேர்ந்து வந்தன. "கொம்பும் போட்டேன், காலும் போட்டேனே!"

தென்றல் நகத்தைக் கடித்தபடி திரையைப் பார்த்தாள். "நமக்கு அது ரெண்டு. ஆனா கம்ப்யூட்டருக்கு 'னோ'வோட கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி போல. அதைத் தனியா சொல்லலியே நாம."

வாணி 'னோ'வின் குறியையும் சேர்த்தாள். 'கொ', 'கௌ' ஆகியவற்றின் குறிகளையும் சேர்த்தாள். தட்டினாள்.

ம, னோ, க, ர்.

"முழுசாயிட்டேன்" என்றார் சார். "பத்து நிமிஷம் இருக்கு. ஓடட்டும்."

அந்த நான்கு வரியும் பெரிய நிரலுக்குள் போயின. பள்ளி பெயர் வந்தது. சக்கரம் சுற்றியது. டொய்ங் டொய்ங் முழுக்கக் கேட்டது. இந்தத் தடவை யாரும் காதைப் பொத்தவில்லை.

கண்மணி தன் பெயரைத் தட்டினாள். எழுத்துகள் சுழன்று நின்றன.

ணி க ம ண்

"கலைஞ்சிருக்கு, ஆனா கெடல!" என்றாள் கண்மணி.

சனிக்கிழமை அவர்கள் மேசைக்கு முன்னால் வரிசை வாசல்வரை நீண்டது. கண்மணி தன் அம்மாவை இழுத்து வந்து முன்னால் நிறுத்தி, தன் பெயரைத் தட்டினாள். அம்மா திரையை ஒரு நொடிதான் பார்த்தார். "கண்மணி! இது தெரியாதா எனக்கு?" என்றார்.

பிறகு அவர் மகளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் ஒரு பெயரைத் தட்டினார்.

த ம் பா மா ர் வ

கண்மணி திரும்பிப் பார்த்து, வாய்க்குள் கூட்டிக் கூட்டிப் படித்தாள். கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் சத்தம் வரவில்லை.

"சொல்லு" என்றான் பிரதாப்.

"அம்மா பேரை எப்படிச் சொல்றது?"

"இன்னிக்கு மட்டும் சொல்லலாம்" என்றார் அம்மா.

"பார்வதம்மா!" கண்மணி கத்தியது பக்கத்து அறைக்கும் கேட்டது.

வரிசையில் அடுத்து நின்றவர் பஸ் ஓட்டும் நாகேஷ். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "நல்லா இருக்கும்மா. கன்னடத்துல வருமா? என் பொண்ணு பேரைப் போடணும்."

தென்றலும் வாணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாணி விளையாட்டை நிறுத்திவிட்டுச் சின்ன ஜன்னலைத் திறந்தாள்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க அங்கிள்" என்றாள். "ஆனா கன்னடத்துல கால், கொம்பு மாதிரி இன்னா இன்னா இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

பிரதாப் ஸ்டூலை இழுத்துப் போட்டான். தென்றல் தாளும் பென்சிலும் நீட்டினாள். நாகேஷ் அவர்கள் நடுவில் வசதியாக உட்கார்ந்து, மகள் பெயரின் முதல் எழுத்தைக் கொட்டை கொட்டையாக எழுதினார்.