காலிக் கண்ணாடிப் பெட்டி

கண்ணாடிப் பெட்டி காலியாக இருப்பதை முதலில் பார்த்தவர், அதிலிருந்த பொருளைப் பார்க்கவே இரண்டு பஸ் மாறி வந்திருந்த அப்பா.

காலை ஒன்பது மணி. ராணுவப் பயிற்சிக் கல்லூரியின் புதிய நூலகத்துக்குப் பதினொரு மணிக்குத் திறப்பு விழா. கட்டடத்துக்கு அவருடைய மகனின் பெயர். இங்கே படித்து அதிகாரியானவன். பனிமலையில் வழி தவறிய தன் ஆட்களை, துணியில் தானே மையால் வரைந்த வரைபடத்தை வைத்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தான். வரைபடத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, பின்தங்கிய ஒருவனைத் தேடித் திரும்பி ஏறியவன் வரவில்லை. அந்த வரைபடம்தான் பெட்டியில் இருந்தது.

"எங்கேம்மா அது?" என்று கேட்டார் அப்பா. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

கேட்டது நூலகரிடம். யார் வாயைத் திறந்தாலும் 'உஷ்' என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் உஷ் அக்கா. இன்று அவர் வாயே அடைத்துப் போயிற்று.

அரைமணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். இரவு பெய்த மழையில் மைதானம் சேறாகியிருந்தது. ஷூவைத் தட்டிவிட்டுப் படியேறினார். வாசலில் மாணவர்கள் வரவேற்புக்கு அணிவகுத்து நின்றார்கள். இரண்டு ஓரத்திலும் நெட்டையர்கள், உள்ளே வர வர உயரம் குறைந்து நட்டநடுவில் குட்டையர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

உள்ளே பார்த்தது அழகாக இல்லை. மேசைமேல் ஒரு பெண்ணின் கைப்பை தலைகீழாகக் கொட்டிக் கிடந்தது. மடக்குக் குடை, தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, கண்ணாடிக் கூடு, மாத்திரை டப்பா. பக்கத்தில் உஷ் அக்கா குனிந்த தலையோடு நின்றார். பழைய நூலகத்தில் பல வருஷம் தூசி தின்றவருக்கு, புதிய நூலகம் கொடுத்த முதல் மரியாதை இது.

"யார் கொட்டினது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான்," என்றார் மேஜர். கட்டடம் கட்டும் பொறுப்பு முழுக்க அவருடையது. "சந்தேகம் வந்தா சோதிக்கணும் இல்லையா மேடம்?"

"சந்தேகப்பட எங்களுக்குச் சம்பளம் தர்றாங்க சார். நீங்க ஏன் ஓசியில கஷ்டப்படறீங்க?"

இன்ஸ்பெக்டர் பெட்டியின் பூட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"பூட்டு உடையல. சாவி யார்கிட்ட?"

"ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு இவங்ககிட்ட. என்னோடது என் ரூம் அலமாரியில பத்திரமா இருக்கு. அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

"கல்லூரியை விட்டு வெளியே போறவங்களை வாசல்ல சோதிப்பீங்களா?"

"எல்லாரையும். என்னையும் சேர்த்து."

"அப்போ பொருள் இன்னும் இங்கதான் இருக்கு."

மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "விழாவுக்கு முன்னாடி இவங்களைக் கூட்டிட்டுப் போயிடுங்க. சிறப்பு விருந்தினர் கண்ணுல படக் கூடாது."

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. திருடி என்று நிரூபிக்கும் முன்பே, குப்பைக் கூடையை ஒதுக்கச் சொல்வது போலல்லவா சொல்கிறார்! மேஜரை விட்டுத் திரும்பிப் பெட்டிக்குள் விரித்திருந்த வெல்வெட்டைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது. அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒரு இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை.

பெட்டிக்குப் பின்னால் இருந்த அலமாரியின் அடித்தட்டைச் சற்று நேரம் பார்த்தார். இரு ஓரங்களிலும் பெரிய புத்தகங்கள். நடுவில் கையடக்கப் பதிப்புகள்.

"இதை அடுக்கினது யாரு அக்கா?"

"நான்தான்மா. எல்லாத் தட்டும் எண்படிதான். முதுகுல ஒட்டியிருக்கு பாருங்க. நெட்டையோ குட்டையோ, எங்களுக்கு எண்தான் கணக்கு."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "மேஜர் சார், கைப்பைச் சாமானைப் போட்டோ எடுக்கணும். கொட்டினது நீங்கதானே? வரிசையா நிறுத்தி வைங்களேன்."

மேஜர் அலுத்துக்கொண்டே விறுவிறுவென்று வைத்தார். ஒரு ஓரத்தில் குடை, மறு ஓரத்தில் பாட்டில், இரண்டுக்கும் உள்ளே டிபன் டப்பாவும் கண்ணாடிக் கூடும், நட்டநடுவில் மாத்திரை டப்பா.

"அணிவகுப்பு பிரமாதம்," என்றார் இன்ஸ்பெக்டர். "இப்போ அந்த அடித்தட்டைப் பாருங்க."

மேஜர் பார்த்தார். அங்கேயும் அதே வரிசை.

"இந்த அக்காவுக்குத் தூக்கத்துல எழுப்பினாலும் எண்படிதான் அடுக்க வரும். உங்களுக்கு அவசரத்துலயும் கை உயரப்படிதான் போகும். சீருடை போட்ட கை இங்க நிறைய. அதுல சாவியும் இருக்கிற கை ஒண்ணுதான்."

இன்ஸ்பெக்டரே குனிந்து புத்தகங்களை எடுத்தார். பின்னால் நாலாக மடித்த துணி. விரித்தபோது ஈரம் சொட்டவில்லை, ஆனால் மை கரைந்து மலையும் பாதையும் ஒரே நீலக் கறையாகியிருந்தன.

"ராத்திரி மழையில புதுக் கூரை ஒழுகி, பெட்டி இடுக்கு வழியா உள்ள இறங்கியிருக்கு. கூரையில பெயின்ட் அடிச்சு மறைச்சிட்டீங்க. வரைபடத்துல கறை தெரிஞ்சா கட்டின லட்சணம் தெரிஞ்சிடும். திருட்டுன்னு சொன்னா யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டாங்க. அதானே சார்?"

"கல்லூரி மானம் போயிடக் கூடாதுன்னுதான்..." என்றார் மேஜர்.

"அக்கா மானம் போனா பரவாயில்லையா?"

உஷ் அக்கா அப்போதுதான் அழுதார், சத்தமாகவே. 'உஷ்' சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க ஐயா," என்று மேஜர் அப்பாவிடம் கை கூப்பினார்.

"என்கிட்ட எதுக்கு? அந்தம்மாகிட்ட கேளுங்க. கொட்டினதை எல்லாம் நீங்களே பையில எடுத்து வைங்க." நேற்றுவரை உத்தரவு மட்டுமே போட்டுப் பழகிய கை, குடை முதல் மாத்திரை டப்பா வரை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தது. பிறகு இன்ஸ்பெக்டரோடு மேஜர் பின்வாசல் வழியாக நடந்தார்.

அப்பா துணியை இரு கைகளிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய் ரிப்பன் அருகே நின்றார். தடுக்க வந்த அதிகாரியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தவர் துணியைப் பார்த்தார். "என்ன பெரியவரே இது?"

"என் பையன் வரைஞ்சதுங்க. அவ்வளவு பனியிலயும் சட்டைக்குள்ள வெச்சு நனையாமப் பார்த்துக்கிட்டான். அவன் பேர் போட்ட கூரைக்குக் கீழ ஒரே மழையில போயிடுச்சு."

விருந்தினர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கத்தரிக்கோலைத் தட்டில் திருப்பி வைத்தார்.