ஆள் வருது

செவ்வாயில் இருக்கும் குமரிநகரில் வீடு தேடுகிறவர்கள் காற்று எப்படி, தண்ணீர் எப்படி என்று முதலில் கேட்பதில்லை. "பூங்காவில துண்டு இருக்கா?" என்பார்கள். இருந்தால் தரகர் நிமிர்ந்து உட்காருவார். இல்லாவிட்டால் ஜன்னல் வழியே தெரியும் சிவப்பு மலையைக் காட்டிப் பேச்சை மாற்றுவார்.

தாமோதரன் குடும்பத்துக்கு மலை தெரியும் வீடுதான் கிடைத்தது.

அவர் நீர்ச் சுத்திகரிப்பு எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். மனைவி வேதவல்லி, மகள் அமுதினி. அமுதினி பிறந்ததும் வளர்ந்ததும் சிறுகோள் சுரங்க நிலையம் ஒன்றில். அங்கே உடம்புக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். அதனால் அவள் எலும்புகள் அப்பளமாக இருந்தன. குமரிநகருக்கு மாற்றல் கேட்டு வாங்கியதே அவளுக்காகத்தான். கிரகத்திலேயே புல் முளைத்த ஒரே பூங்கா அங்கேதான் இருந்தது. படத்தில் பார்த்த நாளிலிருந்து அந்தக் குழந்தைக்குப் புல்மேல் பைத்தியம்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "மாசக் கடைசியில இரும்பு நடைக்கூடு பொருத்தியே ஆகணும். இடுப்பிலேர்ந்து கால் விரல் வரைக்கும் மூடி எலும்போட சேர்ந்துடும். அப்புறம் கழட்ட முடியாது. புல்லுல வெறுங்காலோட நடக்கணும்னு சொல்றாளே, இந்த மாசத்துக்குள்ள நடக்க வெச்சுடுங்க."

முதல் ஞாயிற்றுக்கிழமையே புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கண்ணாடி வானத்துக்குக் கீழே பூங்கா பரந்து கிடந்தது. ஆட்கள் குறைவு. ஆனால் புல்லைக் காணோம். பூப்போட்ட துண்டு, கட்டம் போட்ட துண்டு, கட்சிக் கரை போட்ட துண்டு என்று ஓரத்தோடு ஓரம் ஒட்டி விரித்திருந்தது. நடுவில் விரல் நுழைய இடமில்லை. அமுதினி குனிந்து ஒரு துண்டின் முனையைத் தொட்டாள்.

"அங்கே ஆள் வருது, பாப்பா" என்றது ஒரு குரல். காப்பான் என்ற காவல் எந்திரம் பூவாளியோடு நின்றது.

அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. பூங்கா திறந்த அன்று ஊரே எம்பிக் குதித்துத் துண்டு வீசி இடம் பிடித்தது. குப்பை பொறுக்கப் பழகிய காப்பான் துண்டுகளைப் பொறுக்கப் போக, பெரிய ரகளையாகிவிட்டது. நகர மன்றம் கூடி, துண்டு கிடந்தால் அங்கே ஆள் வருவதாகவே அர்த்தம் என்று அதற்குக் கற்பித்தது. கண்ணாடிக் கூரைக்குள் காற்று அடிப்பதும் இல்லை, மழை பெய்வதும் இல்லை. போட்ட துண்டு போட்டபடி கிடந்தது. எப்போதாவது வரும் சொந்தக்காரர்களும் உடுப்பு அழுக்காகாமல் துண்டின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, துண்டை விட்டுவிட்டுப் போனார்கள்.

தாமோதரன் கெஞ்சிப் பார்த்தார். "குழந்தை ஒரே ஒரு நிமிஷம் நடந்துட்டு வந்துடுவா."

"மன்னிக்கணும், சார். ஆள் வருது."

யாரும் வரவில்லை. சிமெண்ட் நடைபாதையில் உட்கார்ந்து புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று. மாதம் முடியப் போகிறதே என்று வேதவல்லி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

கடைசியில் அலுவலக நண்பர் ராஜநாயகம் வேறு குடியிருப்புக்கு மாற்றலானார். "எங்க துண்டை நீங்க வெச்சுக்குங்க, தாமு. நாங்க ரெண்டு தடவைகூட போயிருக்க மாட்டோம்" என்றார். தாமோதரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அந்த ஞாயிறு அமுதினி வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றாள்.

"ஆள் வந்தாச்சா, சார்?" என்றது காப்பான்.

"வந்தாச்சு, வந்தாச்சு!" என்று தாமோதரன் துண்டைச் சுருட்டினார்.

அடியில் வெளுத்துப்போன வைக்கோல்தான் கிடந்தது. வெளிச்சம் படாமல் செத்து, ஊற்றிய தண்ணீரில் அழுகி, திரும்பக் காய்ந்த வைக்கோல். ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது.

அமுதினி அதன்மேல் கால் வைத்தாள். "குத்துதுப்பா. புல்லுன்னா இப்படித்தான் குத்துமா?"

வேதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆமாண்டா தங்கம், இப்படித்தான்" என்றார் தாமோதரன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முனை வரை நடந்தாள். பெற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னாள்.

அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் பதறித் தங்கள் துண்டுகளைத் தூக்கிப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே வைக்கோல். எல்லாரும் காப்பானைத் திட்டித் தீர்த்தார்கள். "ஆள் வருதுன்னு சொன்னீங்களே" என்று மட்டும் அது சொன்னது.

மாதக் கடைசியில் அமுதினியின் பாதங்கள் கூட்டுக்குள் போயின.

நகர மன்றம் கிழக்கே புதுப் பூங்கா அமைத்தது. இனி துண்டே கூடாது என்று கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்கப் பேசியவர் தாமோதரன். பேசும்போது அவர் குரல் உடைந்தது, ஊரே சேர்ந்து அழுதது. ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதைக் காப்பானுக்குக் கற்பிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

புது மண்ணில் விதை தூவினார்கள். முளைக்கும்வரை யாரும் வர வேண்டாம் என்று அறிவிப்பு. மறுநாள் காலை மொத்த ஊரும் அங்கே நின்றது. சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு துண்டு கிளம்பி, தலைகளுக்கு மேல் மெல்ல மிதந்துபோய் ஈர மண்ணில் விழுந்தது. யார் வீசியது என்று தெரியவில்லை. அடுத்த நொடி வானமே துண்டாகிவிட்டது.

வேதவல்லி பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். "வீசுங்க, என்ன யோசிக்கிறீங்க? இருக்கிற இடமும் போயிடும்."

தாமோதரன் வீசினார். நல்ல இடமாகப் பார்த்துத்தான் வீசினார்.

காப்பான் பூவாளியோடு வந்து துண்டின் அருகே நின்றது. "இங்கே ஆள் வருதா, சார்?"

தாமோதரன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அமுதினி தன் இரும்புப் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருது" என்றார்.

காப்பான் தலையசைத்துவிட்டு, துண்டு கலையாமல் அதன்மேல் தண்ணீர் ஊற்றியது.