இடது பக்க முன் சீற்

காரில் நஃபீஸாவைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை. ஆனாலும் இடது பக்க முன் சீற்றுக்கு பெல்ட் போடச் சொல்லி மணி அடித்தது.

அந்தச் சீற்றில் கிடந்தது அவளுடைய போன் மட்டுமே. எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் நஃபீஸாவுக்குத் தூக்கம் வரும். கார் வாங்கிய வாரமே அதனோடு வந்த புத்தகத்தை முழுதாக வாசித்திருந்தாள். சீற்றின் மெத்தைக்குள் ஒரு மெல்லிய தாள் இருக்கிறது. தாளுக்குள் இரண்டு உலோகப் படலங்கள், தொடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக. ஆள் உட்கார்ந்ததும் பாரத்தில் அவை ஒட்டும், மின் ஓடும், ஆள் வந்துவிட்டார் என்று காருக்குத் தெரியும். பிறகு மணி நிற்க இரண்டு வழிதான் உண்டு. ஆள் எழும்ப வேண்டும், இல்லையென்றால் பெல்ட் பூட்டில் விழ வேண்டும். ஒரு போனின் பாரம் இதற்கெல்லாம் போதாது. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து, யோசித்து முடிவெடுத்ததுபோல, மணி நின்றது.

உப்புக் காற்று, என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். புத்தளத்தில் உப்பு எதைத்தான் விட்டது? கேற்றைத் தின்கிறது, ஜன்னல் கொக்கியைத் தின்கிறது. படலத்திலும் ஈரம் ஏறியிருக்கும்.

மஃரிப் தொழுகை முடிந்து வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. போர்ட்டிக்கோவில் நின்ற காருக்குள் இருந்தபடி அவள் நாளைய பயணத்தைத் திரையில் போட்டுக்கொண்டிருந்தாள்: பாலாவியில் திரும்பி, எத்தாளை வழியாகக் கற்பிட்டி, அங்கே பகல் சாப்பாடு, வரும்போது தலவிலக் கடற்கரை. அந்தப் பக்கம் நிலம் ஒடுங்கிப்போவதால் ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலும் கூடவே வரும். தங்கை ஸஃப்னாவைப் பெண் கேட்டிருக்கும் மாப்பிள்ளையின் உம்மா ஸபீனா கொழும்பிலிருந்து வந்து இவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். நாளைய நாள் நன்றாகப் போனால் சம்பந்தம் முடிந்த மாதிரி. முன் சீற் அவருக்கு.

ஆனால் அந்தப் பாதை நஃபீஸா யோசித்ததல்ல. கணவன் அன்ஸாரின் மூத்த சகோதரி, மஹ்மூதா ராத்தாவின் பாதை அது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியபோது, குழந்தை அன்ஸாரை இடது கையால் நெஞ்சோடு இறுக்கியபடி படகில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவள். அந்தக் கை இப்போது பாரிசவாதத்தில் தொங்குகிறது. வாயின் ஒரு ஓரம் எந்நேரமும் நனைந்திருக்கும். வாகனத்தில் தலை சுற்றும் என்பதால் முன் சீற்றில்தான் இருப்பாள், வழி முழுக்க ஒரு தேசிக்காயை, அந்த எலுமிச்சை வாசனையை, மூக்கோடு வைத்தபடி. "இறங்கின இடத்த ஒருக்காப் பாக்கணும் புள்ள" என்று அவள் கேட்டுக் கேட்டே நஃபீஸாவுக்குப் பாதை மனப்பாடமாகியிருந்தது. இந்த மாதம் போவோம் என்று வாக்கும் கொடுத்திருந்தாள்.

இன்று காலை மஹ்மூதாவுக்குப் போன் எடுத்துச் சொன்னாள்: கார் பழுது மதினி, காரேஜில நிக்குது.

"நீ றூட் போடுற போடுக்கு ஆமிக்காரனும் தோத்துப் போவான்." ஜன்னலருகே வந்த அன்ஸார் சிரித்தான். பிறகு சிரிப்பு இல்லாமல், "பாலாவியில ராத்தாட வாசலாலதானே போகணும்?"

"விடிய சுபஹோட வெளிக்கிட்டா அவங்க முத்தத்துக்கு வர முந்திப் போயிரலாம்."

அவன் உள்ளே, காலியாக இருந்த சீற்றுகளைப் பார்த்தான்.

"ஏன் அப்பிடிப் பாக்கிறீங்க? ஸபீனா மாமிக்கு முன்னால, வாயால வடிய வடிய... ஸஃப்னாட காரியம் இது. நாளைக்கு மட்டுந்தானே."

"நான் ஒண்டும் சொல்லல்லயே." அவன் இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தான். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். அவளுடைய காது மடல் சுட்டது.

கண்ணாடியை ஏற்றினாள். வெளிச் சத்தம் அடங்கியதும் உள்ளே ஒரு வாசனை மெதுவாகத் தெளிந்தது, முதலில் தரைவிரிப்பின் புழுதியோடு கலந்து, பிறகு தனியாக, யாரோ நகத்தால் தோலைக் கீறியதுபோல.

தேசிக்காய்.

மணி அடித்தது.

சீற்றில் எதுவும் இல்லை. போன் அவள் மடியில் இருந்தது. பட்டனை அழுத்திக் காரை அணைத்தாள். திரை இருண்டது. மின் இல்லாமல் மணி அடிக்க வழியே இல்லை.

அடித்தது.

கையை நீட்டி மெத்தையைத் தொட்டாள். நடுவில் குழி. சூடு. கையை இழுத்துக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. மஹ்மூதாவின் மகள் அக்கீலா.

"மாமி, உம்மா ஒரு மாதிரி இருக்கா. மஃரிப்ல இருந்து கதிரையில இருந்த இருப்பு. கண் திறந்துதான் கிடக்கு, கூப்பிட்டா பேசுறா இல்ல. ஆஸ்பத்திரிக்கு ஏத்த ஒரு வாகனமும் கிடைக்குதில்ல. கார் திருத்தியாச்சா மாமி?"

வீட்டுக்குள் ஸபீனா ஸஃப்னாவோடு சிரித்துக் கதைப்பது கேட்டது. கார் இங்கேதான், இதோ வாறன் என்று சொன்னால் போதும். காலையில் சொன்னது பொய் என்று அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும்.

"இல்ல புள்ள," என்றாள் நஃபீஸா. "காரேஜ்லதான்."

"அப்ப அங்க என்ன மணி அடிக்குது?"

அவள் போனைக் கையால் பொத்தினாள்.

"மாமி? ஐயோ, உம்மா கையத் தூக்கிறா. வலது கைய. இடது தோள்ல இருந்து எதையோ பிடிச்சு இழுக்கிறா மாமி... நெஞ்சுக்குக் குறுக்கால... இடுப்புப் பக்கம்..."

பக்கத்தில் நாடா உருண்டு வரும் மெல்லிய சத்தம். நீளமாக. நிதானமாக.

டக்.

மணி நின்றது.

இரண்டு வழிதான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கறுப்பு பெல்ட் இடது மேலிருந்து குறுக்காக வந்து பூட்டில் விழுந்திருந்தது. சீற்றோடு ஒட்டவில்லை. ஒரு நெஞ்சின் அளவுக்கு முன்னே வளைந்து நின்றது. ஏறியது. இறங்கியது. மெதுவாக.

போனில் அக்கீலா உம்மா, உம்மா என்று அலறிக்கொண்டிருந்தாள்.

பெல்ட்டின் மேல் விளிம்பில் ஒரு துளி ஈரம் விழுந்தது. பரவியது. அதன் பக்கத்தில், இன்னொன்று.