போன மாசம்தான்

பிழைக்கும் வாய்ப்பு பதினோரு விழுக்காடு என்றது ஆயுள்மானி.

கோகிலவாணிக்கு உடனே விளங்கவில்லை. துணைக்கு வந்த நாத்தனார் செண்பகவல்லிக்கு விளங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பதுக்குக் கீழே போனால் அறுவை அரங்கின் கதவு திறக்காது. பிழைக்காத உடம்புக்குக் கத்தி எதற்கு என்பது சட்டம்.

"கட்டி சின்னதுதான். தொடை இடுக்குல நெறிகூடக் கட்டலை," டாக்டர் ரெஜினா திரையை வெறித்தாள். "பெண்ணுறுப்புல வர்ற புற்றுநோய் இந்த நிலையில இருந்தா முக்கால்வாசிப் பேருக்கு மேல பிழைச்சிடுவாங்க. ஆனா அரிப்பு போன மாசம்தான் ஆரம்பிச்சதுன்னு சொல்லியிருக்கீங்க. ஒரே மாசத்துல இவ்வளவுன்னா அசுர வேகம்னு மானி கணக்குப் போடுது."

கோகிலவாணி தலை குனிந்தாள். அரிப்பு தொடங்கி மூன்று வருஷம். புருஷனிடம் போன மாசம் என்றாள். மகளிடமும் அதையே சொன்னாள். அந்த இடத்துச் சங்கதியை இத்தனை காலம் மூடி வைத்தாள் என்று தெரிந்தால் செண்பகவல்லி மதினி என்ன நினைப்பாள்?

"மூணு வருஷமாச்சு டாக்டர்," என்றாள், மதினியை ஏறிட்டுப் பார்க்காமல்.

"கூறுகெட்டவளே." செண்பகவல்லியின் குரல் உடைந்தது. "எங்கிட்ட சொன்னா தின்னுடுவேனாடி?"

ரெஜினா பாய்ந்து வந்து, காலையில் கழற்றிய மெய்யறி வளையத்தை மறுபடி கோகிலவாணியின் மணிக்கட்டில் மாட்டினாள். நாடித் துடிப்பை வைத்து மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லும் வளையம். "இப்ப சொல்லுங்க. மானி ஏத்துக்கிட்டா ஆபரேஷன் உண்டு."

"மூணு வருஷமா..." நாடி தறிகெட்டு அடித்தது.

வளையம் சிவந்தது. பொய்.

"காலையில போன மாசம்னு சொன்னப்ப பச்சை காட்டிச்சே." ரெஜினாவின் முகம் வெளிறியது.

காட்டாமல் என்ன செய்யும்? அந்தப் பொய் அவள் நாக்கில் பழகிக் கிடந்தது. உண்மையைத்தான் இன்று முதல்முறையாகச் சொல்கிறாள்.

"இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. சாயங்காலம் மானியை மூடிடுவாங்க. அதுக்குள்ள படபடப்பில்லாம சொல்லப் பழகிட்டு வாங்க."

செண்பகவல்லி அவளைக் கையைப் பிடித்து வெளிக்கூடத்துக்கு இழுத்து வந்தாள். பெஞ்சு முழுக்கப் பெண்கள்.

"சொல்லுடி. ஒவ்வொருத்தர்ட்டயும் சொல்லு. நாக்கு மரத்துப்போற வரைக்கும் சொல்லு."

சொன்னாள். முதல் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தவள் மணிக்கட்டில் வளையம் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அவள் கோகிலவாணியின் சேலையை இறுகப் பற்றினாள்.

"அக்கா... நானும் உள்ள போன மாசம்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன்."