குணமாகும் கை

மின்சிகிச்சைப் பெட்டியின் கம்பிகள் அவர் கையில்தான் ஒட்டியிருந்தன. ஆனால் துடித்தது மகளின் சுண்டுவிரல்.

அதை அவர் ஒருவர் மட்டுமே பார்த்தார். சிகிச்சை கொடுக்க வந்த பெண், பெட்டியிலிருந்த திருகை மெல்லத் திருப்பியபடி அவர் மனைவிக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். மனைவி கண்கொட்டாமல் அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, உயிரற்றுக் கிடந்த அவர் வலது கையைத் தன் வலது கையால் ஏந்திப் பிடித்தபடி, ஜன்னலுக்கு வெளியே வெயிலில் கிடந்த தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரப் பஞ்சின் வாடையும், சூடேறிய ரப்பரின் வாடையும், பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடிக்கும் சத்தமும் அந்தச் சின்ன அறையில் கலந்து கிடந்தன. பெட்டி ஒரே சீராக டிக், டிக் என்றது. ஒவ்வொரு டிக்குக்கும் அவர் கை கட்டைபோல் அப்படியே இருந்தது. அவருடைய உள்ளங்கைக்கு அடியில் மகளின் சுண்டுவிரல் மட்டும் புழுவைப்போல் சுருண்டு, பிறகு நிமிர்ந்தது.

"பக்கத்துல தொட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு ஷாக் அடிக்காதா?" என்று மனைவி கேட்டாள்.

"அடிக்காதும்மா. பேட்டரிலதானே ஓடுது. கையில ஒட்டியிருக்கே, இந்த வில்லைல நுழைஞ்சு அந்த வில்லைல வெளிய வந்துடும். தசைக்கு அதோட வேலைய ஞாபகப்படுத்துறோம், அவ்வளவுதான். பொண்ணு விரலை விரிச்சுப் பிடிச்சிருந்தா போதும்."

அங்கே பாருங்கள், அவள் விரலைப் பாருங்கள் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

"சரி" என்றார்.

பட்டறையில் மயங்கி விழுந்து கண்விழித்த நாளிலிருந்து அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான். தாகம் எடுத்தால் சரி. முதுகு வலித்தால் சரி. வேண்டாம், முடியாது, போய்த் தொலை என்று நெஞ்சுக்குள் எது எழுந்தாலும் நாக்குக்கு வரும்போது சரியாகிவிடும். தலையாட்டலையும் நம்ப வேண்டாம், ஆமாமும் இல்லையும் இடம் மாறியிருக்கும் என்று சிகிச்சைக்காரப் பெண் வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தாள். "கல்யாணமான நாள்லேருந்து இவர் வாயிலேருந்து இந்த வார்த்தை வராதான்னு காத்துக்கிட்டு இருந்தேன். இப்பதான் வந்திருக்கு" என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் சமையலறைக்குப் போய்விடுவாள். அங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

சிகிச்சைக்காரப் பெண் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். காலையும் மாலையும் மனைவி பஞ்சை நனைத்து வில்லைகளை ஒட்டினாள். மகள் தையல்கடைக்குப் புறப்படும் முன்பும், திரும்பி வந்த பின்பும் கையைப் பிடித்தாள். அவள் அங்கே துணி வெட்டுபவள். அளவு சொன்னால் போதும், சாக்கட்டியால் ஒரு கோடு, கத்தரியால் ஒரே ஓட்டம், பிசிறு இருக்காது. கத்தரியின் வளையம் அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரல் மூட்டில் மஞ்சளாக ஒரு காய்ப்பு விழுந்திருந்தது. சிறுமியாக இருந்தபோது அந்த விரலைப் பிடித்துத்தான் அவர் அவளுக்குச் சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுத்தார்.

ஒருநாள் காலையில் அவருடைய கட்டைவிரல் அசைந்தது.

மனைவி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். எல்லோரும் அவர் விரலைச் சுற்றி நின்று, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மகள் அவருக்குத் தண்ணீர் எடுத்து வந்தாள். வாசற்படியருகே டம்ளர் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. சந்தோஷத்தில் கை நடுங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவள் குனிந்து டம்ளரை எடுக்க முயன்றாள். பிறகு இடது கையால் எடுத்தாள்.

அவர் வாலிபத்திலிருந்து முலாம் பட்டறையில் வேலை பார்த்தவர். கதவுக் கைப்பிடிகளும் குழாய்களும் நிக்கல் தொட்டிக்குள் கறுத்துப்போய் இறங்கி, மின்சாரம் ஏற ஏறப் பளபளப்பாகி வெளியே வரும். எதிர்ப்பக்கம் அதே தொட்டியில் நிக்கல் தகடு தொங்கும். அது கரையும். விளிம்பு மெலிந்து, ஓட்டை விழுந்து, கடைசியில் கொக்கியில் ஒரு கந்தலாக மிஞ்சும். சரக்கு வாங்க வருகிறவர்கள் கைப்பிடியைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். தகட்டை ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது படுத்த இடத்திலிருந்து அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. மணிக்கட்டு திரும்பியது. முழங்கை மடங்கியது. மகள் முதலில் கத்தரியை விட்டாள், பிறகு சாக்கட்டியை. ரசீது எழுதும் வேலைக்கு மாற்றினார்கள், அதுவும் முடியாமல் போனது. டாக்டர் சோதித்துவிட்டு, நரம்பு அழுந்தியிருக்கிறது, ஓய்வு போதும் என்றார். அவள் வீட்டிலேயே இருந்தாள். வீட்டில் இருக்கிறாளே என்று மனைவி மதியமும் பெட்டியை எடுத்து வைத்தாள்.

ஒரு மதியம் அவர் கண்ணயர்ந்திருந்தார். விழித்தபோது போர்வையின்மேல் வலது கை தானாக எதையோ செய்துகொண்டிருந்தது. கட்டைவிரலும் நடுவிரலும் அகன்று மூடின. அகன்று மூடின. போர்வையின் ஓரமாக, ஒரே நேர்கோட்டில், நிதானமாக நகர்ந்தன. அவர் தன் வாழ்க்கையில் ஒரு முழம் துணி வெட்டியதில்லை. கையிடம் முகத்தருகே வரும்படி உள்ளுக்குள் சொன்னார். வந்தது. கட்டைவிரல் மூட்டில் மஞ்சளாக ஒரு காய்ப்பு இருந்தது. பிறகு, அவர் சொல்லாமலே, அந்தக் கை காதோரம் போய், அங்கே இல்லாத நீண்ட முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகியது.

அன்று மாலை இடது கையால் வில்லைகளைப் பிய்த்து எறிந்தார். மறுபடி ஒட்டினார்கள். பெட்டியையே தள்ளிவிட்டார். அது தரையில் விழுந்து உடைந்தது. சிகிச்சைக்காரப் பெண் வேறொன்று கொண்டு வந்தாள்.

"முன்னேற்றம் வர்ற நேரத்துலதான் இப்படி எரிச்சல் படுவாங்க. நீங்க விட்டுடாதீங்கம்மா."

அதன்பிறகு பெட்டி ஓடும்போதெல்லாம் மனைவி அவருடைய இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தடவிக்கொடுத்தாள். "அடம் பிடிக்காதீங்க. எனக்காகத்தான் கொஞ்சம் பொறுத்துக்கங்களேன். நீங்க எழுந்து நடமாடினா போதும், வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்." அந்தப் பிடி மிருதுவாக இருந்தது. அவரால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

ஒருநாள் மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். மகள் தன் வலது கையை இடது கையால் தூக்கி, கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்தாள். அதன் தோல் வெளுத்து, எலும்போடு ஒட்டியிருந்தது. நகங்களில் நிறமே இல்லை.

"இது எனக்கே யாரோ கை மாதிரி இருக்குப்பா. கிள்ளினாகூடத் தெரியல." பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "என் கையத்தான் உங்களுக்கு எழுதி வெச்சுட்டேன் போல."

அவர் தன்னிடம் இருந்த மூச்சையெல்லாம் திரட்டினார். ஓடிப் போ. இந்த வீட்டைவிட்டே போ. என்னைத் தொடாதே.

"சரி" என்றார். "சரி, சரி, சரி."

"என்ன சரி? எதச் சொன்னாலும் சரிதானா?" அவள் இடது கையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழாதீங்கப்பா. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

கை முழுதும் குணமானதும், இனிமேல் பேச்சுக்குச் சிகிச்சை என்றார்கள்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய ஒரு நேரத்தில் சிகிச்சைக்காரப் பெண் வந்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளில் கோத்த நீர்த்துளிகளின் நிழல்கள் சுவரில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு வில்லைகளையும் நனைத்து, அவர் தொண்டையின் இரு பக்கமும் ஒட்டினாள். ஈரம் கழுத்தில் வழிந்து காலருக்குள் போயிற்று.

"இன்னிக்கு யாரும் பிடிக்கத் தேவையில்ல. அவராவே பண்ணட்டும்."

தேவையில்லை என்றாள். அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. மகள் கதவருகே நின்றிருந்தாள், கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி. அங்கேயே நில். அங்கேயே.

"அங்க ஏன் நிக்கற? கிட்ட வா. அப்பா பேசறதக் கேக்க வேணாமா?" என்றாள் மனைவி.

அவள் வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

வலது கை எழுந்தது.

அவர் எழுப்பவில்லை. அது போர்வையைக் கடந்தது, கட்டிலின் விளிம்பைக் கடந்தது, அவளுடைய நல்ல கையின் மணிக்கட்டைப் பற்றியது. விடு என்றார் உள்ளுக்குள். விடு. விரல்கள் இறுகின. விடு, விடு. காய்ப்பு விழுந்த கட்டைவிரல் அவள் நாடியின்மேல் அழுந்தியது.

"பாசத்தப் பாரேன்" என்றாள் மனைவி, தழுதழுத்து.

"அப்பா, வலிக்குது. அம்மா, இத எடுத்து..."

திருகு திரும்பியது. டிக்.

மகளின் சொல் பாதியில் நின்றது. அவள் உதடுகள் நிற்கவில்லை. திறந்தன, மூடின, திறந்தன. சத்தம் இல்லை.

டிக். டிக்.

அவருடைய தொண்டை தானாக ஏறி இறங்கியது. நாக்கு புரண்டது. உள்ளேயிருந்து எதுவோ வழி தேடி வந்தது.

"அப்பா" என்றது அவர் வாய்.

தடித்த ஆண் குரல். அவருடைய குரல்தான். சொல்லை இழுத்த விதம் மகளுடையது.

மனைவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "பேசிட்டாரு! கேட்டீங்களா? பேசிட்டாரு!"

"ரொம்ப நல்லது. ஆரம்பத்துல வார்த்தை சம்பந்தா சம்பந்தமில்லாமத்தான் வரும். வரட்டும்."

"அப்பா, விடுங்கப்பா" என்றது அவர் வாய். "பயமா இருக்குப்பா. அம்மாவ இங்க பாக்கச் சொல்லுங்க."

மனைவி அழுதாள், சிரித்தாள், அவர் முகத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டாள். அவர் கண்களால் கெஞ்சினார். பக்கத்தில் பார். ஒரே ஒரு தடவை பக்கத்தில் பார். அவள் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் மகளின் தலை மெல்லத் தோள்மேல் சாய்ந்தது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு கோடாக எச்சில் இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்களேன்" என்றாள் மனைவி.

சிகிச்சைக்காரப் பெண் புன்னகையோடு திருகின்மேல் கை வைத்தாள். "அம்மா, வேணாம்மா" என்று அவர் வாய் தெளிவாக, பிசிறில்லாமல் அலறியது. மனைவி மகிழ்ச்சியில் கைதட்டினாள்.