ஜூசோ சித்தப்பாவின் மீன்கூடை

மழை பிடித்து அன்றோடு பதினோரு நாள். கடல் சாம்பல் நிறத்தில் உறுமிக்கொண்டு கிடந்தது. படகுகளையெல்லாம் கரையேற்றித் தென்னை மரங்களில் கட்டிவிட்டார்கள். ஊர் நூலகத்தின் தகரக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. மூன்று இடத்திலும் வாளி வைத்திருந்தார் ரொக்கியா அக்கா. நூலகர் அவர்தான். கூட்டிப் பெருக்குகிறவரும் அவர்தான்.

செரோஜாவுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நூலகத்துக்கு வருவாள். அப்பா அங்கேதான் இருப்பார்.

அன்றைக்கு ஜன்னலோரம் இருந்த கவிதைத் தட்டுக்குக் கீழே இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் இருந்தன.

"இது எதுக்குக்கா? இதுலயும் தண்ணி பிடிக்கப் போறீங்களா?"

ரொக்கியா அக்கா சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர் அவர்.

"கவிதைத் தட்ட எடுக்கச் சொல்லிட்டாங்கடி. தலைமை நூலகத்துலேருந்து கடுதாசி வந்திருக்கு. வருஷம் பூரா யாருமே தொடலையாம். இன்னும் ஒம்போது நாள்ல வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடும்."

"எங்க?"

"ஏதோ கிடங்குக்கு."

செரோஜா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோர மேஜையில், பச்சை அட்டை போட்ட பந்துன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

பந்துன் என்றால் நாலு வரிப் பாட்டு. முதல் இரண்டு வரியை ஒருவர் போட்டால், மிச்ச இரண்டு வரியை எதிரில் இருப்பவர் முடித்துவைக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டுப் போனால், சாப்பிடக் கூப்பிட்டவர் வீட்டில் இலையைத் தள்ளிவிட்டு எழுந்த மாதிரி.

செரோஜாவின் அப்பா டெராமானும் ஜூசோ சித்தப்பாவும் கடலில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். இந்தப் படகிலிருந்து சித்தப்பா இரண்டு வரியைக் கத்துவார். அந்தப் படகிலிருந்து அப்பா இரண்டு வரியைத் திருப்பிக் கத்துவார். கரையில் நிற்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

போன வருஷம் இதே மழை மாதத்தில் சித்தப்பாவின் படகு திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவின் பேச்சு "சரி", "வேண்டாம்", "தூங்கு" என்று மூன்று சொல்லாகச் சுருங்கிப்போனது. ஆனால் நூலகத்தில் மட்டும், கண்ணுகளா, அவர் ஒரு காரியம் செய்வார். பாட்டின் கீழ் இரண்டு வரியை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். மேல் இரண்டு வரியைப் படிப்பார். பிறகு அவர் உதடு மெல்ல அசையும். பதிலைத் தானே தேடுகிறார் என்பது செரோஜாவுக்குத் தெரியும். அந்தத் தட்டும் போய்விட்டால் அந்த உதடு எங்கே அசையும்?

அவள் முதலில் செய்தது, தன் நூலக அட்டைக்கு இரண்டு கவிதைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனதுதான். அட்டைக்கு இரண்டுதான் தருவார்கள். கரையோர வீடுகளில் யாரும் நூலகப் புத்தகத்தை எடுத்துப் போவதில்லை. கூரை ஒழுகும். பொதுப் பொருளை நனைத்துவிட்டு ரொக்கியா அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? ஆகவே செரோஜா வீட்டிலேயே நனையாத இடமாகப் பார்த்து, அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

"அடியே! நாளைக்குப் புத்தகத்தையே வடிச்சுக் கொட்டட்டுமா?" என்றாள் அம்மா, கையில் ஆழாக்கோடு.

மறுநாள் வகுப்பில் ஃபிக்ரியிடம் கேட்டாள். "நீயும் ரெண்டு எடுத்துக்கயேன்டா."

"கவிதையா? பன்னெண்டு நாளா மழை. இதுல கவிதை வேறயா? ஆள விடு தாயே!"

அன்று மாலை அவள் ஒன்றும் செய்யாமல் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்ததால்தான் அது கண்ணில் பட்டது.

படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் பெரியவர் வந்தார். கவிதைப் புத்தகம் ஒன்றை எடுத்து நின்றபடியே படித்தார். சட்டை நுனியால் அட்டையைத் துடைத்தார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அடுத்து, பள்ளிக் கேன்டீனில் கெரோப்போக் என்ற மீன் அப்பளம் பொரிக்கும் சோம் அத்தை. எண்ணெய்க் கையைப் பாவாடையில் மூன்று தடவை துடைத்துக்கொண்டு எடுத்தாள். படித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தாள். கடைசியில் அப்பா எழுந்தார். அவரும் எடுத்த இடத்திலேயே, பக்கத்துப் புத்தகத்தோடு விளிம்பு சேரும்படி வைத்தார்.

நூலகம் மூடும் நேரம். ரொக்கியா அக்கா நோட்டோடு மேஜை மேஜையாக வந்தார்.

"கதை பதினாலு. சமையல் மூணு. மோட்டார் சைக்கிள் ரிப்பேர் ரெண்டு. கவிதை... வழக்கம்போல ஒண்ணுமில்ல."

"என்னக்கா எண்ணுறீங்க?"

"மேஜையில கிடக்குற புத்தகத்த. கிடந்தா யாரோ படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். இந்தக் கணக்குதான் தலைமை நூலகத்துக்குப் போகுது. தட்டுல இருக்கிறத எண்ணக்கூடாதாம்."

செரோஜா எழுந்து நின்றுவிட்டாள். "அக்கா! கதைப் புத்தகத்தப் படிக்கிறது நாங்க. போட்டது போட்டபடி ஓடிடுவோம். கவிதை படிக்கிறவங்க பெரியவங்க. துடைச்சு, எடுத்த இடத்துலயே வெச்சுட்டுப் போறாங்க. இன்னிக்கு மட்டும் மூணு பேரு. நானே பார்த்தேன்!"

ரொக்கியா அக்கா நோட்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அட ஆண்டவனே. ஒழுங்கா இருந்த பாவத்துக்கா இந்தத் தண்டனை?"

உடனே ஓர் அட்டையில் எழுதி மாட்டினார்கள்: 'படித்த கவிதைப் புத்தகத்தைத் திரும்ப வைக்காதீர்கள். மேஜையிலேயே விட்டுச் செல்லுங்கள்.'

ஒருவர்கூடக் கேட்கவில்லை!

"மேஜையில போட்டுட்டுப் போறதா? என் வீட்டுல என்னை அப்படி வளர்க்கல," என்றாள் சோம் அத்தை. டிக்கெட் பெரியவர் அட்டையைப் படித்து, தலையை ஆட்டி, புத்தகத்தைத் தட்டிலேயே வைத்தார். அப்பாவும் அப்படித்தான். இரண்டு நாள் போனது. நோட்டில் கவிதைக்கு நேரே இரண்டு சுழி.

அன்று இரவுச் சோறு இறங்கவில்லை செரோஜாவுக்கு. ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே, உத்தரத்தில், ஜூசோ சித்தப்பாவின் பிரம்புக் கூடை தொங்கியது. மீன் அள்ளும் கூடை. ஒரு வருஷமாக யாரும் அதைத் தொட்டதில்லை. தூசி தட்டப் போன அம்மாவைக்கூட அப்பா, "வேண்டாம்," என்று தடுத்துவிட்டார்.

பிடித்த மீனை இங்கே யாரும் கண்ட இடத்தில் போடமாட்டார்கள். கூடையில்தான் போடுவார்கள். கூடையில் போட்டால் அது மரியாதைக் குறைவு இல்லையே!

கேட்கப் பயமாக இருந்தது. கேட்டாள்.

"அப்பா... சித்தப்பா கூடைய நூலகத்துக்குக் குடுப்பீங்களா? கவிதை படிக்கிறவங்க புத்தகத்த அதுல வைக்கட்டும். இல்லன்னா தட்டையே எடுத்துடுவாங்கப்பா."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மழையில் படகுக்குப் பக்கத்தில் அவர் நிற்பது தெரிந்தது. கேட்டிருக்கவே கூடாது என்று செரோஜா போர்வைக்குள் அழுதாள்.

காலையில் உத்தரத்தில் கூடை இல்லை. அப்பாவும் இல்லை.

பள்ளி விட்டதும் ஓடினாள். கவிதைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதன் மேல் கூடை. கழுவித் துடைத்திருந்தது. ஓர் உடைந்த பிரம்புக்குப் பதிலாகப் புதுப் பிரம்பு முடைந்திருந்தது. ஜன்னலோரத்தில் அப்பா. அவர் கண் சிவந்திருந்தது.

கூடைக்கு ஓர் அறிவிப்பு வேண்டுமே! 'வைக்கவும்' என்று எழுதினால் மறுபடியும் யாரும் கேட்கமாட்டார்கள். செரோஜா பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள். இரண்டு வரி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அதை ஓர் அட்டையில் எழுதி அப்பாவின் முன்னால் வைத்தாள்.

மழையில் நனைந்த மணல் ஈரம்,
மரத்தில் கட்டிய படகு ஆடும்;

அப்பா அதைப் பார்த்தார். இப்போது மூடிக்கொள்ளக் கீழ் வரியே இல்லை. வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் உதடு அசைந்தது. பிறகு, கரகரவென்று, ரொக்கியா அக்காவுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"படித்துக் கிளம்பிப் போகும் நேரம்,
பாட்டு தன் கூடையைத் தேடும்."

ரொக்கியா அக்கா மூக்கை உறிஞ்சினார். "டெராமான் அண்ணே, உங்க குரல் இப்படித்தான் இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு."

"எனக்கும்தான்," என்றார் அப்பா.

நாலு வரியும் கூடைக்கு மேல் தொங்கியது. பந்துன் போட்டுக் கேட்டபிறகு மறுக்க முடியுமா? சோம் அத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் புத்தகத்தைக் கூடையில் மெல்ல இறக்கினாள். "கொஞ்சம் மீன் வாடை அடிக்குதுதான். பரவால்ல, என் கைய விடக் கம்மி," என்றாள்.

அன்று ஐந்து. மறுநாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் பதின்மூன்று. ஃபிக்ரிகூட ஒன்று படித்தான், கூடையில் போடுகிற ஆசைக்காக.

ஒன்பதாம் நாள் வண்டி வந்தே விட்டது. ரொக்கியா அக்கா நோட்டோடு தொலைபேசிக்கு ஓடினார். ஓட்டுநர் நனைந்த தொப்பியைப் பிழிந்துகொண்டு கவிதைத் தட்டருகே காத்து நின்றார். நிற்கிற நேரத்துக்கு ஒரு புத்தகத்தைப் புரட்டினார். உதட்டுக்குள் சிரித்தார். அட்டையைப் படித்துவிட்டு, மறக்காமல் கூடையில் வைத்தார்.

"அக்கா, இவரையும் சேர்த்து எண்ணிக்கோங்க!" என்றாள் செரோஜா.

தொலைபேசியை வைத்துவிட்டு ரொக்கியா அக்கா வந்தார். "ஒரு வருஷம் பார்ப்போம்னு சொல்லிட்டாங்க. கூரைக்குத்தான் காசில்லையாம்." வண்டி காலியாகத் திரும்பிப் போனது. அட்டைப்பெட்டிகள் அதற்குள் ஈரத்தில் ஊறிக் கூழாகியிருந்தன.

மழை நிற்கவில்லை. கடலும் அடங்கவில்லை. மாலையில் ரொக்கியா அக்கா கூடையில் இருந்தவற்றை எண்ணினார். கடைசியில் வந்தது அச்சுப் புத்தகம் இல்லை. நாற்பது பக்க நோட்டு. உள்ளே, அப்பாவின் கோணல் எழுத்தில், ஜூசோ சித்தப்பா கடலில் கத்திய பந்துன்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மேல் இரண்டு வரி மட்டும். கீழே வெற்றிடம்.

"இதுக்கு நம்பரே இல்லையே அண்ணே. எங்க வைக்க?"

"தட்டுலதான்," என்றார் அப்பா. "படிக்கிறவங்க முடிச்சு வைக்கட்டும்."

ரொக்கியா அக்கா தன் கணக்கு நோட்டில் கவிதைக்கு நேரே பதினேழு என்று எழுதினார். செரோஜா பென்சிலைச் சீவிக்கொண்டு அப்பாவின் நோட்டில் முதல் பக்கத்தைத் திறந்தாள்.