கழுகுக்குக் கணக்கு வராது

மரத்தடியிலிருந்து கிளம்பும்போது புருஷன் சாந்தோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது எர்லிண்டாவுக்குச் சுருக்கென்றது.

"லிண்டா, வா, வீட்டுக்குப் போவோம்!"

வேண்டுமென்று செய்திருக்க மாட்டான். பழக்கதோஷம். இந்த மலையில் காட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் கூட வந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். இல்லாவிட்டால் உடம்பு மட்டும் வீடு போய்ச் சேரும், உயிர் காட்டிலேயே தங்கிவிடும். ஆனால் இன்றைக்கு அவள் அவனோடு போகவில்லையே. மரத்தின்மேல், நாலு ஆள் உயரத்தில், இலை வேய்ந்த பரணுக்குள் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறாள். வராத ஆளைக் கூப்பிட்டுவிட்டுப் போகிறானே, மடையன்.

எதிர்ச்சரிவில் லவான் மரக் கவட்டையில் கூடு. ஒரே குஞ்சு. தாய்க்கழுகை ஏமாற்ற இரண்டு பேராக வந்து ஏறுவார்கள், ஒருவர் இறங்கிப் போவார். ஆள் போய்விட்டது என்று நம்பி அது இரையோடு வரும். கழுகுக்குக் கண்தான் கூர்மை, கணக்கு சுத்தமாக வராது. போகிறவன் மூங்கில் ஏணியைச் சாய்த்துப் புதரில் மறைத்துவிட வேண்டும். சாயங்காலம் அவன் திரும்பி வந்து ஏணியை நிமிர்த்தினால்தான் அவளால் இறங்க முடியும். அடிமரம் கட்டிப்பிடிக்க முடியாத பருமன், கீழே முழுக்கப் பாறை.

இறங்குவதற்கு முன் வாழையிலைப் பொட்டலத்தை நீட்டி அவளைச் சீண்டினான். "வெள்ளைச் சோறுதான். பயப்படாம தின்னு."

"நீ பொங்கினதா? அப்போ பாதி கரியாத்தான் இருக்கும்."

காட்டில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருப்பவர்கள் தரும் கறுப்புச் சோற்றை ஒரு வாய் தின்றால் பெற்றவளையே மறந்து அவர்களோடு போய்விடுவோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிற ஊர் அது. அதை வைத்துக் கேலியும் உண்டு.

"இண்டாய்க்குக் கஞ்சி குடுத்துடு. மாட்டேம்பா. விடாத."

"நீ கழுகுக் குஞ்சைப் பாரு. நம்ம குஞ்சை நான் பாத்துக்கறேன்."

இண்டாய்க்கு நாலு வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல், ஒரு வாய் இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து எர்லிண்டாவுக்கு மனசே சரியில்லை. அதனால்தான் கூட்டைப் பார்க்க வேண்டிய லென்ஸைத் திருப்பி, வீட்டுக்குப் போகிறவனைத் தேடினாள்.

ஓடைக்கரையில் மரங்கள் விலகுகிற இடத்தில் சாந்தோ தெரிந்தான். பின்னால் இன்னொருவர். மஞ்சள் மழைக்கோட்டு. தோளில் சிவப்புத் துணி ஒட்டுப்போட்டிருந்தது.

அந்த ஒட்டைப் போட்டவள் அவள்தான். கை தன்னால் முழங்காலுக்கடியில் போயிற்று. மடித்து வைத்த அவளுடைய கோட்டு அங்கேயே இருந்தது. ஈரவாடை, தோளில் ஒட்டுத்துணியின் தையல், எல்லாம் விரலுக்குத் தட்டுப்பட்டன.

ஓடையில் சாந்தோ திரும்பி எதையோ சொல்லிச் சிரித்தான். கையை நீட்டினான். மஞ்சள் கோட்டு அதைப் பிடித்துக்கொண்டு கல் தாண்டியது.

வாக்கி-டாக்கியை அழுத்தினாள். "சாந்தோ! நான் இங்கதான் இருக்கேன், மேலேயே இருக்கேன். உன் பின்னாடி வர்றது நான் இல்ல. அந்தக் கையை விடு!"

இரைச்சல். பிறகு அவன் குரல், சிரிப்போடு. "லிண்டா, இங்க வா, இதைக் கேளு. ரேடியோவுல கழுகுக் குஞ்சு கத்துது!"

"சாந்தோ!"

"பாரு, மறுபடியும்."

பக்கத்தில் ஒரு பெண்குரல் பதில் சொன்னது. அவளுடைய குரல். காலையில் குளிரில் கட்டிக்கொண்ட தொண்டைகூட அப்படியே இருந்தது.

"அணைச்சிடு. பிள்ளை காத்துக்கிட்டிருப்பா."

அதோடு சரி. பிறகு எத்தனை முறை அழுத்தியும் ஒன்றுமில்லை. பரணிலிருந்து கத்தினாள். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் வெளியே வந்தது கீச்சென்ற ஒரு சத்தம், அவள் காதுக்கே மனிதச் சத்தமாகப் படவில்லை. கூட்டுக் குஞ்சு தலையைத் தூக்கி அதற்குப் பதில் கத்தியது.

விளிம்பில் காலைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். பாறை. காலை உடைத்துக்கொண்டு இங்கேயே கிடந்தால் பிள்ளைக்கு யார்? காலை மேலே இழுத்துக்கொண்டாள். அழுகை வந்தது.

வெயில் சாய்ந்தபோது தாய்க்கழுகு வந்தது, நகத்தில் ஒரு குரங்குக் குட்டியோடு. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, சின்னச் சின்னதாகப் பிய்த்து, பொறுமையாகக் குஞ்சின் வாயில் வைத்தது. இந்தப் படத்துக்காகத்தான் இத்தனை நாளும். எர்லிண்டா கேமராவைத் தொடவில்லை.

அவன் ஏணி நிமிர்த்த வரவேண்டிய நேரம். லென்ஸை வீட்டுப் பக்கம் திருப்பினாள். தகரக்கூரை, கோழிக்கூண்டு. சாந்தோ கூண்டைச் சாத்தினான். நிமிர்ந்து மலையை ஒருமுறை பார்த்தான், யாரும் இல்லாத மலையைப் பார்ப்பதுபோல. கை கழுவிவிட்டு உள்ளே போனான்.

வரமாட்டான். எதற்கு வரவேண்டும்? அவன் பெண்டாட்டிதான் வீட்டுக்கு வந்துவிட்டாளே.

வாசல்படியில் அது உட்கார்ந்திருந்தது. அவள் முடி. அவள் பாவாடை. மடியில் இண்டாய்.

பக்கத்தில் தட்டு.

லென்ஸை முடிந்தமட்டும் நெருக்கினாள். படம் ஆடியது. நின்றது.

அது தலையை ஒருபக்கமாகச் சாய்த்தது. தட்டிலிருந்து சின்னதாகக் கிள்ளியது. பிள்ளையின் உதட்டருகே பொறுமையாகக் கொண்டுபோனது. கெஞ்சவில்லை. மிரட்டவில்லை.

"தின்னாதேடி," என்றாள் எர்லிண்டா. கீச்சென்றது.

அது நிமிர்ந்தது. பள்ளத்தாக்கைத் தாண்டி, நேராக லென்ஸுக்குள் பார்த்தது. அவள் முகம். அவள் கண். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் எல்லோருக்கும் இருக்கிற அந்தச் சின்னப் பள்ளம் மட்டும் இல்லை. வழவழவென்று இருந்தது.

தட்டில் சோறு. கன்னங்கரேலென்று.

இரண்டு நாளாக எதையும் தொடாத பிள்ளை, மென்று விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தாள்.